மாணவர்க்குத் தொண்டுப் பணி: எங்கே தேடுவது?

மேல்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் ஊர்ப்பணியில் ஈடுபட வேண்டும் என்று பெற்றோர் பலர் விரும்புகின்றனர். ஆயினும் எங்கே செல்வது, யாரைக் கேட்பது என்பது தெரியாமல் அவ்விருப்பம் பெரும்பாலும் அவ்வளவிலேயே நின்றுவிடுகிறது. பெருநகரங்களில் தொண்டு நிறுவனங்கள் பல உண்டு. மலையடிவாரச் சிற்றூர்களில் என்ன செய்வது? கோயம்புத்தூர் மாவட்டமும் பாலக்காட்டின் அட்டப்பாடியும் சந்திக்கும் ஆனைகட்டியைச் சான்றாகக் கொண்டு இதை விளக்க முற்படுகிறோம்.

முதலில் கேட்க வேண்டிய இடம் பள்ளியே. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் இன்று மேல்நிலைப் பள்ளிகளிலும் நடைபெறுகிறது. இதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றுவதுடன் ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்குபெறுவர். சாரணர் இயக்கமும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கமும் உள்ள பள்ளிகளும் பல. கேரளப் பள்ளிகளில் 2010 முதல் மாணவர் காவற்படைத் திட்டமும் உண்டு. எல்லையூர்களில் பிள்ளை எம்மாநிலப் பள்ளியில் பயில்கிறாரோ, அதற்கேற்ப வாய்ப்பும் மாறும்.

இரண்டாவது இடம் ஊராட்சி. தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. குடிநீர், குப்பை, நூலகம் என ஊரின் தேவைகள் அங்கே பேசப்படுகின்றன. ஊருக்கு எது வேண்டும் என்பதை அங்கே அமர்ந்து கேட்டபின் பணியைத் தேர்ந்தால், உழைப்பு வீணாகாது. கேரளம் 2008-இல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சியும் ஆரம்ப சுகாதார நிலையமும் இணைந்து, படுக்கையில் உள்ளோரை வீடு தேடிச் சென்று கவனிக்கின்றன. மருத்துவப் பணி மாணவருக்கு உரியதன்று. செய்தித்தாள் வாசித்துக் காட்டுவதும் பேச்சுத்துணையாக இருப்பதும், செவிலியரின் வழிகாட்டுதலோடு அவர்களால் இயலும்.

மூன்றாவது, இயற்கை. ஆனைகட்டியில் 1990-இல் நிறுவப்பட்ட சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் அமைந்துள்ளது. பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் யாரும் பங்குபெறலாம். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் கண்ட பறவைகளை எண்ணி, ஈபேர்டு செயலியில் பதிவு செய்தால் போதும். பள்ளி வளாகமே இதற்குப் போதுமான களம். யானைகள் நடமாடும் பகுதியாதலால் காட்டுக்குள் செல்லுதலும், விடியலிலும் அந்தியிலும் தனியே நடத்தலும் கூடா.

நான்காவது, நம் வங்கிக் கிளை. படிவம் நிரப்ப இயலாத முதியோரும், தமிழ், மலையாளம், இருளர் மொழி ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே அறிந்தோரும் அறிமுகமற்றவரின் உதவியை நாடும்போதுதான் ஏமாற்றத்துக்கு ஆளாகின்றனர். இருமொழி அறிந்த மாணவர் ஒருவர் கிளை மேலாளரின் ஒப்புதலோடு உதவ முன்வந்தால், ஒருவரின் ஓய்வூதியமே காக்கப்படலாம். ஆனால் சில வரம்புகள் கட்டாயமானவை. உதவி கிளைக்குள்ளேயே நடைபெற வேண்டும். எழுதிய தொகையை உரக்கப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பமோ கைரேகையோ பெற வேண்டும். இரகசிய எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கேட்கவோ, சொன்னால் செவிமடுக்கவோ கூடாது. பணத்தைக் கையில் வாங்கவும் கூடாது. இவ்வரம்புகள் முதியவரையும் காக்கும். பிற்காலத்தில் எழக்கூடிய ஐயத்திலிருந்து மாணவரையும் காக்கும்.

பணியில் சேர்க்குமுன் பெற்றோர் சிலவற்றைக் கேட்டறிதல் நன்று. பொறுப்பான பெரியவர் யார்? நேரம் எவ்வளவு? திரும்பிவரப் பேருந்து உண்டா? சேர்வதற்குக் கட்டணம் கேட்கின்றனரா? பணம் பெற்றுக்கொண்டு சான்றிதழ் மட்டும் வழங்குமிடத்தைத் தவிர்க்கலாம். குழந்தைகள் பாதுகாப்புக்கான 1098 என்னும் எண்ணையும் பிள்ளை அறிந்திருக்கட்டும்.

ஒருநாள் கூடிப் படமெடுத்துக் கலைவதைவிட, வாரம் இரண்டு மணி நேரம் தவறாது செல்வதே பயன் தரும். சனிக்கிழமை வருவதாகச் சொன்ன பிள்ளைக்காக ஒரு முதியவர் காத்திருப்பார். அக்காத்திருப்பைப் பொய்யாக்காதிருத்தலே தொண்டின் முதற்பாடம். தேர்வு நெருங்கும் மாதங்களில் வர இயலாதெனில், அதை முன்கூட்டியே சொல்லிவிடப் பிள்ளைகளைப் பழக்குவோம்.