தறி வீட்டுப் பிள்ளையும் பொறியியற் படிப்பும்

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நூலிருப்பைச் சரிபார்த்துக் கொண்டிருந்தேன். தகப்பனாருக்குப் பதிலாக நூல் வாங்க வந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவன், எழுத்தர் எடை போடுமுன்பே, "ஐந்து ராத்தல் வரவேண்டும்" என்றான். எப்படித் தெரியும் என்று வினவினேன். "பாவு 2,800 இழை, நீளம் 60 கெஜம். பெருக்கினால் 1,68,000 கெஜம். சிட்டம் ஒன்றுக்கு 840 கெஜம்; ஆகவே 200 சிட்டம். நாற்பதாம் நம்பர் நூலில் ராத்தலுக்கு 40 சிட்டம். ஐந்து ராத்தல்தானே சார்?" என்றான். காகிதமும் பென்சிலும் அவன் கையில் இல்லை.

பத்தாம் வகுப்பில் அப்போதுதான் தேறியிருந்தான். மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டதற்கு, "கணக்கு எனக்கு வராது சார், கணக்கு இல்லாத பிரிவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம்" என்று பதில் வந்தது. இந்தக் கணக்கை யார் கற்றுக் கொடுத்தார்கள் என்றேன். "அக்கா" என்றான்.

அங்கத்தினர்களே, இப்பையனுக்குக் குறைவாக இருந்தது அறிவன்று. உரிய காலத்தில் உரிய வார்த்தை சொல்ல ஓர் ஆள் இல்லை, அவ்வளவே. அக்குறையை நாம் நீக்கலாம் என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வீட்டிலேயே உள்ள பாடம்

பொறியியல் என்பது நமக்கு அந்நியமான வித்தையன்று. மிதியை அழுத்தினால் விழுது உயர்ந்து பாவு பிரிவதும், மோட்டார் சுழன்று கிணற்று நீர் மேலேறுவதும் பொறியியலே. ஜக்கார்டு பெட்டியில் ஏறும் அட்டையைப் பாருங்கள். துளை உள்ள இடத்தில் இழை உயரும். துளை இல்லாத இடத்தில் உயராது. பிரான்சு தேசத்து லியோன் நகரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டு வாக்கில் செம்மைப்படுத்திய முறை இது. துளையிட்ட அட்டையால் இயந்திரத்துக்குக் கட்டளையிடும் இக்கருத்தையே, பிற்காலத்தில் கணிப்பொறிக்கு அடிகோலியவர்களும் கைக்கொண்டனர். தறியருகே வளரும் பிள்ளை இவற்றை நாள்தோறும் காண்கிறது. கண்டதன் காரணத்தை எடுத்துச் சொல்பவர்தாம் இல்லை.

வழிகள் இரண்டு

முதல் வழி, மேனிலைப் பள்ளியில் கணிதம், இயற்பியல், வேதியியல் பயின்று நேரே பொறியியற் கல்லூரி சேர்வது. தமிழ்நாட்டில் இதற்கான நுழைவுத் தேர்வு 2007-ஆம் ஆண்டு முதல் இல்லை. கணிதத்துக்கு 100, மற்ற இரண்டுக்கும் தலா 50 என்று பள்ளி மதிப்பெண்ணை 200-க்குக் கணக்கிட்டுக் கலந்தாய்வில் இடம் தருகிறார்கள். ஆதலால், பதினோராம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு வாரமே பெரும்பாலும் பிள்ளையின் தொழிலை முடிவு செய்துவிடுகிறது.

இரண்டாவது வழி, பத்தாம் வகுப்புத் தேறியதும் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ பயில்வது. அதன்பின் வேலைக்குச் செல்லலாம். அல்லது பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். இதனைத் தாழ்ந்த வழி என்று கருதுவோர் உண்டு. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3 கலத்தின் திட்ட இயக்குநரான வீரமுத்துவேல், விழுப்புரத்து ரெயில்வேத் தொழிலாளி ஒருவரின் மைந்தர். முதலில் டிப்ளமோ பயின்று, பின்னரே பட்டமும் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றவர். நெசவிலேயே நாட்டமுள்ள பிள்ளைகளுக்குச் சேலத்தில் 1960-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கைத்தறித் தொழில்நுட்பக் கழகமும் இருக்கிறது.

செலவைக் கேட்டு அஞ்ச வேண்டா. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித இடம் ஒதுக்கும் சட்டம் 2021-இல் வந்தது. உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு 2022-இலும் ஆண்களுக்கு 2024-இலும் மாத உதவித் திட்டங்கள் தொடங்கப்பட்டன. விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை; தலைமையாசிரியரிடம் அவ்வாண்டின் விதியைக் கேட்டறிக.

தறியில் யார் உட்காருவது?

பிள்ளைகள் எல்லோரும் படித்து வெளியேறினால் தொழில் என்னாவது என்று பெரியவர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். தெலுங்கானா மாநிலத்து நெசவாளர் சிந்தகிண்டி மல்லேசம், போச்சம்பள்ளிச் சேலை நெய்யும் குடும்பத்தினர். சாயமிடுவதற்கு முன் நூலை முளைகளில் சுற்ற, அவர் தாயார் சேலை ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை கையை வீச வேண்டியிருந்தது. தோள் நோவு தீரவில்லை. பள்ளிப் படிப்பை இடையில் விட்ட மகன், 1992 முதல் ஏழாண்டு தட்டித் தடவி முயன்று, 1999-இல் அவ்வேலையைச் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். 2017-இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது. அருகில் ஒரு பொறியாளர் துணையிருந்திருந்தால் அவ்வேழாண்டு சுருங்கியிருக்குமன்றோ? தொழிலை அறிந்த பிள்ளை பொறியியலும் கற்றால் அது தொழிலுக்கு நட்டமன்று.

பெண் பிள்ளைகளையும் இதில் சேர்த்தே சொல்கிறேன். பதினெட்டு வயதில் கணவரை இழந்து கைக்குழந்தையுடன் நின்ற லலிதா அம்மையார், 1943-இல் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் முடித்தார். அக்கல்லூரியில் பேராசிரியராயிருந்த அவர் தந்தையார் கல்லூரி முதல்வரிடம் பேசி வழி திறந்தார். எல்லா வீட்டிலும் பேராசிரியர் இருப்பதில்லை. ஆகையால் அந்தத் தந்தையின் இடத்தில் சங்கம் நிற்க வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியவை

முதலாவதாக, அங்கத்தினர் குடும்பங்களில் பொறியாளர், டிப்ளமோ பெற்றவர், மின்வாரியத்திலும் ஆலையிலும் பணிபுரிபவர் ஆகியோரின் பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரிக்கலாம். இரண்டாவதாக, ஒன்பதாம் வகுப்பு எட்டிய பிள்ளைகளை அவர்களிடம் இரண்டு மூன்று பேராக ஒப்படைக்கலாம். மாதம் ஒரு ஞாயிறு பிள்ளையைச் சந்தித்து, கணக்கில் ஐயம் தீர்த்து, தாம் வேலை செய்யும் இயந்திரத்தைக் காட்டினால் போதும். மூன்றாவதாக, பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் வாரத்தில் பெற்றோரைச் சங்கக் கட்டிடத்துக்கு அழைத்துப் பிரிவுகளை விளக்கலாம். இவற்றுக்குச் சங்கத்தின் பணம் ஒரு காசும் தேவையில்லை. அதற்குமேல் உதவ விரும்பினால் துணைவிதி இடந்தருமா என்று பார்த்துப் பொதுக்குழுவில் தீர்மானித்துக்கொள்க.

அந்தப் பையனின் செய்தி இது. அவ்வூரைச் சேர்ந்த மின்வாரிய உதவிப் பொறியாளர் ஒருவர், சங்கத் தலைவர் கேட்டுக்கொண்டதன்பேரில், அன்று மாலையே அவன் வீட்டுக்குச் சென்று தகப்பனாருடன் பேசினார். பையன் இப்போது பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பயில்கிறான்.

அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த அக்காள் மூன்றாண்டுகளுக்கு முன்பே பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். வீட்டில் தார் சுற்றுகிறாள். மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று அப்போது அவளை யாரும் கேட்கவில்லை. இவ்வாண்டு நும் சங்கத்தில் பத்தாம் வகுப்புத் தேறும் பிள்ளைகள் எத்தனை பேர்? அடுத்த கூட்டத்திலேயே கணக்கெடுங்கள், ஒருவரும் விடுபடலாகாது.