வினாடிக்கு 5 படம் நஷ்டம்

கல்யாண வீடியோ பென்டிரைவில் வந்து சேர்ந்தது. மொத்தம் 60 நிமிடம். வீடியோகாரர் எடுத்தது 48 நிமிடம். மீதி 12 நிமிடம் சித்தப்பா மகன் போனில் எடுத்துக் கொடுத்தது. முகூர்த்தம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மாப்பிள்ளை அழைப்பு வந்ததும் நாதஸ்வரக்காரர் நடக்கவில்லை, விக்கி விக்கி நகர்கிறார். வீட்டில் முதலில் டிவியைத் திட்டினோம், பிறகு பென்டிரைவை, கடைசியில் போனை. மூன்றின் மீதும் குற்றமில்லை. உட்கார்ந்து வகுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

போன் எடுத்தது வினாடிக்கு 30 ஃபிரேம். வீடியோகாரரின் கேமரா 25, எடிட்டிங் டைம்லைனும் 25. முப்பதை இருபத்தைந்துக்குள் அடக்கச் சொன்னால் மென்பொருள் யோசிப்பதில்லை. ஆறில் ஒன்றைத் தூக்கி எறிந்துவிடும். வினாடிக்கு 5 படம், நிமிடத்துக்கு 300. பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்த 21,600 படங்களில் 3,600 காலி.

ஆறில் ஒன்று போனால் என்ன, மீதி ஐந்து இருக்கிறதே என்று தோன்றும். போன இடத்தில்தான் வினை. திரையின் அகலம் 1,920 புள்ளி. நாதஸ்வரக்காரர் அதை 4 வினாடியில் கடக்கிறார் என்றால் வினாடிக்கு 480 புள்ளி, ஒரு ஃபிரேமுக்கு 16 புள்ளி. ஆறாவது படத்தை உருவிவிட்டால் அவர் நடை 16, 16, 16, 16, 32 என்று ஆகிறது. ஆறாவது படி இல்லாத மாடிப்படியில் ஏறுவது போல. அதுவும் வினாடிக்கு 5 தடவை.

தலைகீழாகச் செய்தாலும் இதே கதை. 25இல் எடுத்ததை 30 ஆக்கினால் ஐந்து படத்துக்கு ஒன்று இரண்டு முறை வரும். ஐந்து அடி நடந்து ஒரு கணம் சிலையாக நிற்பார். சினிமாவின் 24ஐ இப்படி 25 ஆக்கினால் வினாடிக்கு ஒரே ஒரு நிற்றல்தான். ஆனால் என் கண்ணுக்கு அதுதான் மிக மோசம். ஐந்து முறை விக்கினால் பழகிவிடுகிறது. ஒரு முறை விக்கினால் அடுத்த விக்கலுக்குக் கண் காத்திருக்கிறது.

25, 30 என்ற எண்கள் எதனால் வந்தன என்றால், மின்சாரத்தால். இந்தியா, இலங்கை, ஐரோப்பாவில் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். டிவியும் அதில் பாதியாக 25 ஃபிரேம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 60 ஹெர்ட்ஸ். டிவி 30 ஃபிரேம். 1953இல் அங்கே வண்ண ஒளிபரப்புக்குத் தரம் வகுத்தபோது 30ஐ 29.97 ஆக்கினார்கள். கேசட் காலத்தில் இதன் வலி நம்மவர்களுக்கு நன்றாகவே தெரியும். யாழ்ப்பாணத்துக் கல்யாணக் கேசட் லண்டன் பெரியம்மா வீட்டில் அப்படியே ஓடும். அதே கேசட் டொரன்டோ மாமா வீட்டு டெக்கில் ஓடாது. கடையில் மாற்றி வாங்கினால் ஓடும், சில நேரம் நொண்டியபடி.

சினிமாவுக்கு ஐரோப்பிய டிவிக்காரர்கள் கண்ட வழி வேறு. 24ஐ 25 ஆக ஓட்டிவிடுவது, அவ்வளவுதான். ஒரு படமும் போகாது, ஒன்றும் கூடாது. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். விலையைக் கொடுப்பது பாட்டு: வேகம் 4.17 விழுக்காடு கூடுவதால் சுருதியும் ஏறும். அரைக் கட்டை ஏற்றத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு. பாதிப் பேருக்குத் தெரியாது. ஆர்மோனியத்தோடு கூடப் பாடிப் பார்ப்பவருக்கு உடனே தெரியும். இப்போது மென்பொருள் வேகத்தை மாற்றிவிட்டுச் சுருதியை மட்டும் பழைய இடத்தில் நிறுத்தித் தருகிறது.

நம் 12 நிமிடத்துக்கு வருவோம். வழி நான்கு. ஒவ்வொன்றின் வரவு செலவும் இது:

வெட்டுதல்: கைக்கு வருவது 18,000 படம், எல்லாம் அசல். போவது 3,600. விக்கல் இலவசம்.
கலத்தல்: 18,000இல் அசல் 3,600. மற்ற 14,400ம் அடுத்தடுத்த இரண்டு படங்களின் கலவை. விக்கல் குறையும், ஆளுக்கு நிழல் முளைக்கும்.
புதிதாக வரைதல்: அசல் 3,600, கணினி வரைந்தது 14,400. வழுவழுப்பாக ஓடும்.
மெதுவாக்கல்: 21,600ம் பத்திரம். 12 நிமிடம் 14 நிமிடம் 24 வினாடி ஆகும்.

மூன்றாவதைத்தான் இப்போது எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். மின்செலவு பெரிதில்லை. கணினி வினாடிக்கு 5 ஃபிரேம் முடிக்கிறது, 300 வாட் இழுக்கிறது, யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 18,000 படத்துக்கு ஒரு மணி நேரம், 0.3 யூனிட், 2 ரூபாய் 40 காசு. எனக்கு உறுத்துவது வேறு எண். ஐந்து படத்தில் நான்கு, அதாவது 80 விழுக்காடு, அன்று யாரும் எடுக்காத படம். முன் படத்தில் கை இங்கே, பின் படத்தில் கை அங்கே, ஆகவே நடுவில் இந்த இடத்தில் இருந்திருக்கும் என்று கணினி ஊகிக்கிறது. தெருவில் நேராக நடப்பவர் விஷயத்தில் ஊகம் பலிக்கும். மாலை மாற்றும்போது நான்கு கைகள் குறுக்கே போகும், பூ ஆடும், வளையல் மின்னும். அங்கே விரல் உருகி மாலையோடு ஒட்டிக்கொள்ளும். தாலி முடிச்சில் இதைச் செய்து பார்த்துவிட்டு ஒரு முறை நானே பயந்தேன்.

ஆகவே என் தீர்ப்பு நான்காவதற்கு. ஊர்வலம், மாலை, அட்சதை, ஆரத்தி எல்லாம் மெதுவாக ஓடினால் அழகு கூடத்தான் செய்கிறது. 10 வினாடி 12 ஆவதை யாரும் கவனிப்பதில்லை. ஒலியை மட்டும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சுருதி ஒன்றரைக் கட்டைக்கும் மேல் இறங்கிவிடும். வீடியோகாரர் பதிவு செய்த நாதஸ்வரத்தை மேலே போடலாம். வாசிப்பவரின் விரல் கிட்டத்தில் தெரியும் காட்சிக்கு இது உதவாது. தாத்தா வாழ்த்திப் பேசும் இடத்துக்கும் உதவாது. அங்கே வெட்டுதலே போதும், உட்கார்ந்து பேசுகிறவர் திரையைக் கடப்பதில்லை.

போனில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அது 30 என்று சொன்னாலும் சீராக 30 எடுப்பதில்லை. மண்டபத்தில் வெளிச்சம் குறைந்தால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மீடியாஇன்ஃபோ போன்ற மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஃபிரேம் வேகம் மாறுவது என்று காட்டும். அப்படியானால் எடிட்டிங்குக்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ஒரே வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 29.97ஐ 30 என்று தவறாக எடுத்துக்கொண்டாலே ஒரு மணி நேரத்தில் 3.6 வினாடி பிசகும். உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

இனி நடக்கப்போகும் கல்யாணங்களுக்கு 25 எதற்கு என்றே கேட்பேன். பெரும்பாலும் பார்ப்பது போனில், 60 ஹெர்ட்ஸ் திரையில். அறுபதை 25ஆல் வகுத்தால் 2.4, ஒரு படம் 2 துடிப்பு நிற்கும், அடுத்தது 3 நிற்கும், சுத்தமான 25கூட லேசாக நொண்டும். முப்பது என்றால் சரியாக இரண்டு. 30இல் எடுத்தால் டியூப்லைட் மினுக்கும் என்று வீடியோகாரர்கள் பயப்படுவார்கள். நம் விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் ஒவ்வொரு படத்திலும் முழுத் துடிப்புகளே விழும், மினுக்கல் வராது. ஃபிரேமை மாற்றத் தேவையில்லை.

பென்டிரைவில் இருக்கும் அந்த 12 நிமிடத்தை மறுபடி 30 ஆக மாற்றித் தரட்டுமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எண்ணிக்கை 21,600 என்று சரியாக வந்து நிற்கும். அதில் 3,600 வெறும் நகலாக இருக்கும். மாற்ற வேண்டியது போனில் உள்ள அசலைத்தான். அந்தக் கோப்பை அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக இல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். சித்தப்பா மகனிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: இடம் போதவில்லை என்று அதை அழித்துவிட வேண்டாம். காணாமல்போன 3,600 படமும் இன்னும் அந்தப் போனில்தான் இருக்கின்றன.