பரணில் கிடந்த ரெக்கார்டு பிளேயர் ஓடுமா, ஓடாதா?



பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எங்கள் வீட்டுப் பரணிலிருந்து சாக்கில் சுற்றிய ஒரு கனமான பெட்டி இறங்கியது. பிரித்துப் பார்த்தால் ரெக்கார்டு பிளேயர்! எங்கள் தாத்தா ஒரு காலத்தில் காரிமங்கலம் சுற்றுவட்டாரத்தில் மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை எதுவானாலும் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, இந்தப் பெட்டியில்தான் பாட்டு போட்டாராம். 'திருவிளையாடல்' வசன ரெக்கார்டு போட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்து உட்கார்ந்து கேட்பார்களாம்.

அம்மா எடைக்குப் போடச் சொன்னார். பழைய இரும்புக்காரர் முந்நூறு ரூபாய் என்றார். தாத்தாவோ, "ஓடும்னா வெச்சுக்கலாம், ஓடாதுன்னா போட்டுடு கண்ணு. வீணா செலவு பண்ண வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். ஆக, முடிவு என் தலையில் விழுந்தது. இரண்டு வாரம் கெடு. அதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் விஷயம்: எடுத்தவுடனே பிளக்கில் சொருகக் கூடாது! என் சித்தப்பா பையன் சொருகவே போய்விட்டான். கையைப் பிடித்து நிறுத்தினேன். முப்பது வருஷம் கிடந்த ஒயரின் ரப்பர் காய்ந்து, மடக்கினால் அப்பளம் மாதிரி உடைந்தது. ஓரிடத்தில் எலி கடித்து செம்பு தெரிந்தது. அப்படியே கரண்ட் கொடுத்திருந்தால் மோட்டார் போயிருக்கும், அல்லது அவன் போயிருப்பான்.

பெட்டியைத் திருப்பினால் அடியில் ஒரு தகடு இருக்கும். கம்பெனி பெயர் தேய்ந்திருந்தாலும் வோல்ட்டும் சைக்கிளும் தெரிந்தன: 220-250 வோல்ட், 50 சைக்கிள். நம் ஊர் கரண்ட் அதுதான். அமெரிக்காவில் 60 சைக்கிள். அந்த ஊர் மோட்டாரை டிரான்ஸ்பார்மர் வைத்து இங்கே ஓட்டினாலும் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் வரும். 33⅓ சுற்று ஓட வேண்டியது 27.8 ஆகி, பாடகி பாடுவது பாடகர் குரல் மாதிரி கேட்கும்.

அடுத்து, கரண்ட் இல்லாமலே கையால் செய்யும் சோதனைகள். உண்மையில் முக்கால்வாசி முடிவு இங்கேயே தெரிந்துவிடுகிறது. பிளேட்டை விரலால் சுற்றிவிட்டு ஓரத்தைக் கவனியுங்கள். மேலும் கீழும் ஆடினால் பிளேட்டு வளைந்திருக்கிறது, அல்லது நடு அச்சு தேய்ந்திருக்கிறது. எங்களுடையது ஆடவில்லை. ஆனால் அரைச் சுற்றிலேயே நின்றுவிட்டது. பிளேட்டைத் தூக்கிப் பார்த்தால் அச்சில் பழுப்பாகப் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. விசாரித்ததில், எப்போதோ வீட்டில் யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். (யார் என்று எனக்குத் தெரியும், எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது.) தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும், நாளாக நாளாகப் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

பிளேட்டுக்கு அடியில் ஒரு சின்ன ரப்பர் சக்கரம் இருக்கிறது. மோட்டார் அச்சில் படிப்படியாக நான்கு தடிமன். அவைதான் 16, 33, 45, 78 வேகங்கள். மோட்டார் அச்சு ரப்பர் சக்கரத்தைச் சுற்றுகிறது, ரப்பர் சக்கரம் பிளேட்டைச் சுற்றுகிறது. சைக்கிள் டைனமோவைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். வேகக் கைப்பிடியை ஒரு நம்பரிலேயே விட்டு வருஷக்கணக்கில் மூடி வைத்தால், அச்சு அழுத்திய இடத்தில் ரப்பரில் பள்ளம் விழும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக் டொக்' சத்தம். எங்கள் சக்கரத்திலும் பள்ளம் இருக்கிறது. நகத்தால் அழுத்தினால் ரப்பர் கல் மாதிரி இருந்தது. சில மாடல்களில் சக்கரத்துக்குப் பதில் பெல்ட் இருக்கும். அது நீண்டு தொங்கியோ உருகி ஒட்டியோ போயிருக்கும். இரண்டுமே மாற்றக்கூடிய சாமான்கள்தான், இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

மனம் தளர வேண்டிய இடம் கைதான், அதாவது ஊசி பிடித்திருக்கும் நீள ஆர்ம். அது உடைந்திருந்தாலோ, அடியில் லொடலொடவென்று ஆடினாலோ அதே மாடலில் இன்னொன்று தேட வேண்டும். சென்னை மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் கிடைத்திருக்கும், அது 1985-இல் எரிந்துபோனது. எங்கள் கை நன்றாக இருந்தது. அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஊசியை உயிரியல் ஆய்வகத்தின் லென்ஸில் பார்த்தேன். முனை தட்டையாகத் தேய்ந்திருந்தது. அந்த ஊசியை வைத்தால் ரெக்கார்டின் பள்ளத்தைச் சீவித் தள்ளிவிடும். ஆகவே தாத்தாவின் நல்ல ரெக்கார்டை வைத்துச் சோதிக்கவே கூடாது! இன்னொன்று, பழைய 78 ரெக்கார்டின் பள்ளம் அகலம், எல்.பி. ரெக்கார்டின் பள்ளம் குறுகல். எல்.பி. ஊசியின் முனை ஆரம் சுமார் 0.025 மில்லிமீட்டர், 78-க்கு அதைப் போல மூன்று மடங்கு. இதற்காகவே ஊசியைத் திருப்பிப் போடும் வசதி வைத்திருக்கிறார்கள். 78 ரெக்கார்டு அரக்கில் செய்தது, கீழே விழுந்தால் உடையும். நம் நாட்டுக் காட்டு மரங்களில் பூச்சி சுரக்கும் அதே அரக்குதான்!

ஊசிக்கு மேலே உள்ள கார்ட்ரிட்ஜை மல்டிமீட்டரால் சோதித்து ஏமாந்தேன். முள் அசையவே இல்லை. இதில் கம்பிச்சுருள் கிடையாது, படிகமோ செராமிக்கோதான் இருக்கிறது. நல்லதாக இருந்தாலும் மீட்டர் காட்டாது. ஆம்ப்ளிபையரில் இணைத்து, ஊசியை ஓவிய பிரஷ்ஷால் மெல்லத் தடவினால் 'பர்' என்று கேட்க வேண்டும். எங்களுடையதில் கேட்கவில்லை. பழைய படிக வகை ராச்செல் உப்பில் செய்தது. சூட்டிலும் ஈரத்திலும் கெட்டுவிடும். தகர ஷெட்டு வெயிலும் பரணும் அதை விட்டு வைக்குமா?

கடைசியில்தான் கரண்ட். ஒயரை மாற்றிய பிறகு, பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன் மாமா சீரிஸ் போர்டு கொண்டுவந்தார். 60 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் கரண்ட் மோட்டாருக்குப் போகும். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். பல்பு எரியாமல் மோட்டார் சுற்றினால் நல்லது. பல்பும் எரியாமல் மோட்டாரும் சுற்றாமல் இருந்தால் சுருள் அறுந்திருக்கும். எங்கள் பல்பு எரியவில்லை, மோட்டார் 'உம்ம்' என்று சுற்றியது! (நண்பர்களே, இதைப் பெரியவர்கள் இல்லாமல் செய்யாதீர்கள். பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிபையர் உள்ள மாடலில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும்.)

வேகத்தைச் சோதிக்க மெஷின் எதுவும் வேண்டாம். பிளேட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி எண்ணினாலே போதும். 33⅓ என்றால் மூன்று நிமிஷத்தில் சரியாக 100 சுற்று. 45 என்றால் இரண்டு நிமிஷத்தில் 90. அச்சைத் துடைக்கும் முன் எனக்கு 91 வந்தது. துடைத்து எண்ணெய் விட்டதும் 98. நான் செல்போனைப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கும்போதே தாத்தா வந்து பிளேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் மெதுவா ஓடுது கண்ணு" என்றார். எப்படித் தெரிந்ததோ!

ஆக என் கணக்கு இதுதான். மோட்டார், பிளேட்டு, கை நல்லது. ரப்பர் சக்கரம், கார்ட்ரிட்ஜ், ஊசி மாற்ற வேண்டும். இரும்புக்காரரிடம் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அம்மா மட்டும் இன்னும் பெட்டி எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பரணில் இது மாதிரி ஏதாவது கிடந்தால் எடைக்குப் போடும் முன் என்னிடம் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். ஓடாத பெட்டியாக இருந்தாலும் சரி. அதன் ரப்பர் சக்கரம் எனக்கு வேண்டும்.

- பதினொன்றாம் வகுப்பு மாணவன், அறிவியல் பிரிவு