விருந்தாளி ஆசிரியராகும்போது

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. எத்துணை அன்புடைய வீடாயினும் நான்காம் நாள் வந்தவுடன் விருந்தினர் விடைபெறல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஆயின், மூன்று நாள் அன்று, ஈராண்டுக் காலம் அயல்நாட்டு வீடொன்றில் தங்கி, அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தொண்டர்களும் உளர். அவர்களுக்கு அந்த நான்காம் நாளே உண்மையான தொடக்கமாகும். அன்றுதான் அவர்கள் விருந்தாளி என்னும் நிலையினின்று நீங்கி, வீட்டாருள் ஒருவராகத் தொடங்குகின்றனர்.

இத்தகைய தொண்டு இன்றைய வடிவைப் பெற்றது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயாகும். 1958இல் இங்கிலாந்தில் அலெக் டிக்ஸன் என்பார் கடல்கடந்த தொண்டர் சேவையைத் தொடங்கினார். 1961இல் அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் கென்னடி சமாதானப் படையை நிறுவினார். சமாதானப் படையின் தொண்டர்கள் மறு ஆண்டே இலங்கைக்கு வந்தனர். 1962 முதல் 1964 வரையும், 1967 முதல் 1970 வரையும், பின்னர் 1983 முதல் 1998 வரையும் அப்படை இந்நாட்டிற் பணியாற்றியது. ஆங்கிலம் கற்பித்தல் அப்பணிகளுள் ஒன்று. அத்தொண்டரின் சேவைக்காலம் பொதுவாக 27 மாதங்கள். முதல் மூன்று மாத அளவு பயிற்சிக் காலம். அப்போது உள்ளூர்க் குடும்பமொன்றில் தங்கி, அவ்வூர் மொழியையும் வழக்கங்களையும் கற்றல் இப்படையின் முறை.

இம்முறை ஏன் சிறந்தது என்பதை அறிய, அம்பாறைக் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். 1961இல் மட்டக்களப்பினின்று பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தில், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கரையோரமாக முஸ்லிம் ஊர்கள் தமிழ் ஊர்களோடு மாறி மாறி அமைந்துள்ளன. மேற்கே வயல், கிழக்கே கடல். மருதமுனையில் கைத்தறி, கல்முனையில் வாணிகம். மார்க்கம் இஸ்லாம், தாய்மொழி தமிழ். பாடசாலையிலும் பெரும்பாலார்க்குத் தமிழே போதனை மொழி.

ஆங்கிலம் இங்கே ஒரு பாடமாக மட்டும் நிற்கின்றது. ஆயினும் அதன் தேவை சிறிதன்று. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் ஆங்கிலம் நாட்டின் இணைப்பு மொழியாயிற்று. 1990களின் நடுவில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தது. ஊருக்கு அருகிலேயே உயர்கல்வி வந்துவிட்டது. எனினும் பல்கலைக்கழகப் பாடங்கள் பல ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. தமிழிற் படித்து நற்பெறுபேறு பெற்ற உழவர் வீட்டுப் பிள்ளை, விரிவுரை மண்டபத்தில் வாய் திறவாது அமர்ந்திருப்பது திறமைக் குறைவினாலன்று. ஆங்கிலத்தைப் பேசிப் பழக இடமில்லாமையினாலேயே.

அந்த இடத்தை வீடு தரவல்லது. இக்கரையில் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்தலும், மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்தலும் வழக்கம். ஆதலால் இங்குள்ள இல்லம் பெரும்பாலும் உம்மாவின் இல்லமே. தொண்டர் பெண்ணாயின் அடுக்களை வரை உரிமை பெறுவார்; அங்கே உம்மாவும் ராத்தாவும் அவருக்கு ஆசிரியைகள். ஆணாயின் விறாந்தையே அவர் இடம். அங்கே வாப்பாவும் காக்காமாரும் பேச்சுத் துணை. இந்த எல்லையை அறிந்து நடப்பதே வீட்டில் அவர் கற்கும் முதற்பாடம். கந்தூரியிலும் கலியாணத்திலும் ஒரு சஹனைச் சுற்றிப் பலரோடு அமர்ந்து உண்ணும்போது, ஆணத்தின் காரத்தோடு ஊரின் பேச்சும் அவருக்குப் பழக்கமாகும்.

இதனால் ஆங்கிலப் பாடத்திற்கு என்ன பயன் என்று கேட்கலாம். இரண்டு உதாரணங்களைக் காண்போம்.

முதலாவது ஒலி. தமிழ் எழுத்தில் ஃபகர ஒலிக்கெனத் தனி எழுத்தில்லை. ஆகவே 'காஃபி' நம் வாயிற் கோப்பியாயிற்று. ஆங்கிலத்தில் இவ்வொலி வருமிடத்துத் தமிழ்ப் பிள்ளை இடறுதல் இயல்பு. ஆனால் குர்ஆன் மத்ரஸாவில் ஓதும் பிள்ளைக்கு அது புதிதன்று. அல்ஃபாத்திஹா என்று சொல்லும்போதே அதை உச்சரித்துவிடுகின்றது. ஸகாத் என்னும் அரபுச் சொல்லின் அதிர்வுடைய முதலொலியும் ஆங்கிலத்தில் உள்ளதே. வகுப்பறையில் மட்டும் பிள்ளையைக் காண்பவர் இதனை அறியார். மாலையில் பிள்ளை ஓதுவதை வீட்டிலிருந்து கேட்பவர், "உனக்குத் தெரிந்த ஒலிதானே இது" என்று தொடங்குவார். தெரியாததைத் தெரிந்ததிலிருந்து கற்பித்தலன்றோ ஆசிரியர் தொழில்?

இரண்டாவது வாக்கிய அமைப்பு. தமிழில் வினை இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் அது செயப்படுபொருளுக்கு முன் வந்துவிடும். தமிழ் கற்கும் தொண்டர், "உம்மா சமைக்கிறா சோறு" என்பார். வீட்டுப் பிள்ளைகள் சிரித்து, "உம்மா சோறு சமைக்கிறா" என்று திருத்துவர். மறுநாள் வகுப்பில் அதே பிள்ளைகள் தமிழ் ஒழுங்கில் ஆங்கிலச் சொற்களை அடுக்குங்கால், நேற்று அவர் செய்த பிழையை நினைவுறுத்தினாற் போதும். தம் பிழை அறியாமையன்று, தாய்மொழியின் பழக்கமே என்பது அவர்களுக்கு விளங்கும். தம்மைப்போலவே ஆசிரியரும் பிழைசெய்து கற்கிறார் என்று கண்ட பிள்ளைக்குக் கூச்சம் நீங்குகின்றது. கூச்சம் நீங்கினாலன்றி மொழி நாவில் ஏறாது.

எனினும் தொண்டினால் தீங்கு விளையவும் கூடும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. நாட்டிலேயே மிகுந்த உயிரிழப்புக்கு ஆளான மாவட்டங்களுள் அம்பாறை முதன்மையானது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் உதவியாளர் வந்தனர். சில கிழமைகளே தங்கித் திரும்பியோரும் அவருள் இருந்தனர். கட்டடம் எழுப்பவும் மருந்தளிக்கவும் அக்காலம் போதியதாகலாம். கற்பித்தலுக்கு அது போதாது. பெற்றாரை இழந்த குழந்தை ஓர் ஆசிரியரிடம் மனம் ஒன்றும் வேளையில் அவரும் போய்விடின், அது மற்றுமொரு பிரிவாகவே முடியும்.

நெடுங்காலம் தங்கினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தொண்டர் தனியே வகுப்பை நடத்த, உள்ளூர் ஆங்கில ஆசிரியர் ஒதுங்கி நிற்பாராயின், தொண்டர் புறப்படும் நாளில் வகுப்பு வெறுமையாகும். இருவரும் ஒரே வகுப்பில் சேர்ந்து கற்பித்தல் வேண்டும். உள்ளூராசிரியர் பிள்ளையின் மனத்தையும் பாடத்திட்டத்தையும் அறிவார். தொண்டர் பேச்சு வழக்கை அறிவார். ஒருவர் குறையை மற்றவர் நிறைத்தல் தகும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை என்பதையும், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குரியது என்பதையும் கருதியே பாடங்களை வகுத்தல் வேண்டும். வீட்டாரின் விருந்தோம்பலை இலவச விடுதியாகக் கொள்ளாது, உணவுக்கும் உறையுளுக்கும் உரிய செலவை அளித்தலும் முறையாகும்.

ஆகவே, அயல்நாட்டுத் தொண்டரை வரவேற்கும் ஊர், அவருடைய ஆங்கிலத் திறத்தை மட்டும் அளந்து பார்த்தல் போதாது. எத்தனை காலம் தங்குவார், எங்கள் மொழியைக் கற்பாரா, எங்கள் ஆசிரியரோடு சேர்ந்து உழைப்பாரா என்று கேட்டல் வேண்டும். தொண்டர் ஊர் திரும்பி ஓராண்டு கழிந்த பின்னும், உள்ளூராசிரியர் முன்னினும் துணிவோடு ஆங்கிலம் பேசிக் கற்பிப்பாரானால், பின்வரிசைப் பிள்ளையும் கூசாது எழுந்து விடை கூறுமானால், அத்தொண்டு நிறைவேறியதாகும். விருந்தினர் போய்விடுவார், அவர் துணையால் ஊரில் வளர்ந்த ஆசிரியர் நிலைத்திருப்பார்.