உங்களுக்குத் தெரியுமா? தகட்டின் தடிப்பு இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு!
இரும்புத் தகட்டை 3 மில்லிமீட்டரிலிருந்து 6 ஆக்கினால் எடை இரண்டு மடங்கு. வளையாமல் நிற்கும் விறைப்போ எட்டு மடங்கு! ஹைலக்ஸ் பிக்கப் வண்டியின் எஞ்சின் அடிப்பகுதியைக் காக்கும் ஸ்கிட் பிளேட்டைச் செலாயாங் பட்டறையில் சொந்தமாகச் செய்ய நினைப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

ஒரு சதுர மீட்டர் 6 மி.மீ. இரும்பு சுமார் 47 கிலோ. அதே தடிப்பு அலுமினியம் 16 கிலோதான். விறைப்பில் 4 மி.மீ. இரும்பையும் மிஞ்சும். ஆனால் விலை அதிகம், பாறையில் உரசினால் சீக்கிரம் பள்ளம் விழும், வெல்டிங்கும் எல்லாருக்கும் கைவராது. என்னைக் கேட்டால், வீட்டு வேலைக்கு இரும்பே மேல். விளிம்பை மேல்நோக்கி மடித்துவிட்டால் மெல்லிய தகடுகூட நன்றாக உறுதிப்படும்.

பலர் கோட்டைவிடுவது போல்ட்டில்தான். தலை துருத்தி நின்றால் கல் சீவிவிடும். தகட்டுக்குள் அமுங்கும் கூம்புத் தலை போல்ட் போடுங்கள். தகட்டைச் சேஸிஸோடு பற்றவைத்துவிட வேண்டாம். நம் காட்டுச் சேறு தகட்டின் மேல் கட்டிக்கொண்டால் துரு நிச்சயம். கழற்றிக் கழுவ வேண்டும். எஞ்சின் எண்ணெய் மாற்றவும் சேற்றுநீர் வழியவும் தனித்தனித் துளைகள் விடுங்கள்.