கேட்கும் இதயம்: கிறித்தவ வேதத்தில் ஓர் அறம்

சமணனாகிய உமக்குக் கிறித்தவ வேதத்தில் என்ன வேலை என்று சங்க நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. காரணம் எங்கள் பெயரிலேயே இருக்கிறது. இல்லறத்தில் இருக்கும் சமணரைச் 'சாவகர்' என்பார்கள். 'சிராவகர்' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் அது. கேட்பவர் என்று பொருள். வள்ளுவரும் கல்வி, கல்லாமை இரண்டையும் சொல்லி முடித்த கையோடு 42ஆம் அதிகாரமாகக் 'கேள்வி'யை வைத்தார். நம் வீட்டில் உள்ள இந்தச் செல்வத்தை அடுத்த வீட்டார் எப்படிப் போற்றுகிறார்கள் என்று பார்க்கத்தான் பைபிளைப் பிரித்தேன்.

முதலில் சாலொமோன் அரசன். என்ன வேண்டுமென்று கடவுள் கனவில் கேட்க, அவன் ஆயுளையும் செல்வத்தையும் விட்டுவிட்டு, மக்களுக்கு நியாயம் தீர்க்க ஞானம் கேட்டான் என்று படிக்கிறோம். எபிரேய மூலத்தில் அங்கே இருக்கும் சொற்கள் 'லேவ் ஷோமேயா'. கேட்கிற இதயம் என்பது நேர்ப்பொருள். அடுத்து வருவதுதான் ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்மார் வழக்காடிய கதை. வாளைக் கொண்டுவரச் சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு முன்னால், இவள் இப்படிச் சொல்கிறாள், அவள் அப்படிச் சொல்கிறாள் என்று இருவர் பேச்சையும் அவன் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறான். பஞ்சாயத்துக்கு உட்காருகிற பெரியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அது.

இரண்டாவது, எரிகோ வழியோரம் உட்கார்ந்திருந்த பர்த்திமேயு என்ற குருடன். அவன் கூப்பிட்டபோது கூட்டம் அவனை அதட்டியது. இயேசு நின்றார், அவனை வரவழைத்து, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். குருடனுக்கு என்ன வேண்டும் என்பது தெரியாதா? தெரிந்தும் அவன் வாயால் சொல்ல விட்டார். பாத்திரக்கடைக்காரனான எனக்கு இது நன்றாகவே புரிகிறது. கிராக்கி வாய் திறக்கும் முன்னாலேயே பத்துக் குடத்தை எடுத்து அடுக்கும் பையனிடம் வியாபாரம் நிற்காது.

மூன்றாவது யோபுவின் நண்பர்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்தவனுக்குப் பக்கத்தில், ஏழு நாள் ஏழு இரவு வாய் பேசாமல் தரையில் அமர்ந்திருந்தார்கள். அது ஆறுதல். பிறகு வாய் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அது ரணம். புத்தக முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டதும் அந்தப் பேச்சுக்காகத்தான். துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கேட்பதில் விரைவும் பேசுவதில் தாமதமும் வேண்டுமென்று யாக்கோபின் நிருபம் இதையே சுருக்கிச் சொல்கிறது. கேட்டதைக் காப்பதும் இதில் அடக்கம். கத்தோலிக்கரிடையே பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியிடும் குரு, திருச்சபையை விட்டே விலக்கப்படுவார்.

நம் மண்ணிலும் ஒரு சாட்சி உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு மதம் பரப்பத்தான் வந்தார். அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பிப் பதில்களும் வாங்கினார். அவரும் உடன் ஊழியர் கிரண்ட்லரும் அவற்றை ஜெர்மனில் பெயர்த்து அனுப்ப, 99 கடிதங்கள் ஹாலே நகரில் அச்சேறின. ஐரோப்பியரின் குடியையும் நடத்தையையும் நம்மவர் கண்டித்து எழுதியவையும் அவற்றில் உண்டு. 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி அனுப்பிய நூலோ அங்கே அச்சாகவில்லை. 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. கேட்டு எழுதியவர் இருந்தார்; அதைக் கேட்க அவர் ஊரில் அன்று ஆள் இல்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பள்ளியிலிருந்து வந்த பிள்ளை பாதி இந்தியில் ஏதோ சொல்ல வருகிறது. "தமிழ்ல சொல்லுடா" என்று அதட்டுகிறோம். தமிழ்ப்பற்று நல்லதுதான். ஆனால் அன்று அவனை வகுப்பில் யாராவது அவமானப்படுத்தியிருந்தால்? அந்தச் சேதி தொண்டையிலேயே நின்றுபோகும். முதலில் சேதியைக் கேளுங்கள். மொழியை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திருத்தலாம். ஊரிலிருந்து அழைத்து வந்த தாயார் விஷயமும் இப்படித்தான். லிஃப்டில் பார்ப்பவரின் பாஷை தெரியாது, டிவி புரியாது. சொன்ன கதையையே திரும்பச் சொன்னால், "நேத்தே சொன்னியேம்மா" என்கிறோம். இந்த ஊரில் அவர் தமிழைக் கேட்க நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்?

தானம் என்றால் நான்கு என்று எங்கள் நூல்கள் வகுக்கும்: உணவு, மருந்து, நூல், அபயம். செவி கொடுப்பதை அபயதானத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பணச் செலவு இல்லாத தானம். தினம் கால் மணி நேரம் போதும்.