கண் வீங்கிய பிள்ளையும் கழுத்துச் சுரப்பியும்

தோட்டத் தாய்மார்களே, தந்தையர்களே!

காலையில் எழும்போது பிள்ளையின் கண்ணிமை உப்பியிருக்கிறதா? பொழுது ஏற ஏற வீக்கம் காலுக்கு இறங்குகிறதா? சிறுநீர் சோப்புத் தண்ணீர் போல் நுரைக்கிறதா? ‘பூச்சி கடிச்சிருக்கும்’ என்று தைலம் தடவிக் காத்திருக்காதீர்கள். இது நெப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்னும் சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம். பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வயதுக்குள் தலைகாட்டும். இது ஒட்டுவாரொட்டி நோயல்ல.

பால் வடிகட்டும் சல்லடையை நீங்கள் அறிவீர்கள். கண் பெரிதாகிவிட்டால், மேலே நிற்க வேண்டியதும் கீழே ஓடிவிடும். சிறுநீரகமும் அப்படித்தான். இரத்தத்தில் நிற்க வேண்டிய புரதச் சத்து சிறுநீரோடு போய்விடுகிறது. உடம்பு நீர் கோத்து வீங்குகிறது.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கழுத்தின் முன்புறம் தைராய்டு என்றொரு சுரப்பி இருக்கிறது. பிள்ளையின் வளர்ச்சி, சுறுசுறுப்பு, மூளை வளர்ச்சி எல்லாவற்றிற்கும் அதன் சுரப்பு வேண்டும். அந்தச் சுரப்பு இரத்தத்தில் புரதத்தின் முதுகில் ஏறித்தான் பயணம் செய்கிறது. புரதம் வெளியேறினால் சுரப்பும் கூடவே போய்விடும். ஈடுகட்ட மூளையடிச் சுரப்பி ‘இன்னும் சுர, இன்னும் சுர’ என்று தைராய்டை விரட்டும். இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு ஏறியிருப்பது இதனால்தான்.

பயப்பட வேண்டாம். பிரட்னிசோலோன் மாத்திரைக்குப் பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்திற்குள் குணம் காட்டுகிறார்கள். புரத ஒழுக்கு நின்றால் தைராய்டும் பெரும்பாலும் தானே சீராகிவிடும். ஆனால் மாத்திரைக்கு மசியாமல் நோய் நீடித்தாலும், பிறந்த மூன்று மாதத்திற்குள் நோய் கண்டாலும் கதை வேறு. அத்தகைய பிள்ளைகளுக்குத் தைராக்சின் மருந்து தேவைப்படலாம். பச்சைக் குழந்தைக்கு இதில் தாமதம் கூடாது. மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும்.

பிள்ளை எந்நேரமும் சோர்ந்து கிடந்தால், மலம் கட்டினால், குளிர் தாங்காவிட்டால், உயரம் கூடாமல் நின்றுவிட்டால், ‘தைராய்டையும் பார்க்கணுமா டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் தைராய்டு மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. பிரட்னிசோலோன் சாப்பிட்டால் முகம் உருண்டையாகும், பசி கூடும். ‘மருந்து தின்னு புள்ள ஊதிப்போச்சு’ என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வீக்கம் உள்ளவரை கருவாடு, நெத்திலி, ஊறுகாய், கிச்சாப்பு, பாக்கெட் மீ ஆகியவற்றை ஒதுக்குங்கள்.

டாக்டர் சொன்னபடி காலைச் சிறுநீரைச் சோதனைத் தாளில் பார்த்து நோட்டில் குறித்து வாருங்கள். காய்ச்சல், வயிற்றுவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, அம்மை கண்டவரோடு பிள்ளை பழகியிருந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒருநாள் சம்பளம் போனால் மறுபடியும் உழைத்துக்கொள்ளலாம். பிள்ளையின் வளர்ச்சிக் காலம் போனால் திரும்பி வராது.